அரசு நடுநிலைப்பள்ளிகள்: காலியாகக் கிடக்கும் நம் நாற்காலிகள்

மே மாதம் வந்துவிட்டால் நம் முஹல்லாக்களை ஒட்டியுள்ள நகராட்சிப் பள்ளிகளிலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளிலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். தலைமை ஆசிரியர் அறை வாசலில் தாய்மார்கள் காத்திருப்பார்கள். அவர்களில் பலர் கேட்டு நிற்பது மாற்றுச் சான்றிதழ். பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான். இனி மெட்ரிக் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இருக்கிறது. இருந்தும் ஆறாம் வகுப்புக்கு அங்கே தொடர விருப்பமில்லை.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் வளைகுடாவில் வெயிலில் நிற்கும் வாப்பா பணம் அனுப்புகிறார். ஆனால், நான்கைந்து ஆண்டுகளில் அந்த வேலை போய்விடுகிறது அல்லது கடை வியாபாரம் படுத்துவிடுகிறது. கட்டணம் கட்ட முடியாமல் ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ அதே பிள்ளை அரசுப் பள்ளிக்குத் திரும்பி வருகிறான். இடையில் அவன் எதை இழந்தான் என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரியவருகிறது.

ஆறாம் வகுப்பு ஏன் முக்கியம்?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020இல் கொண்டுவந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே அளவு ஒதுக்கீடு வந்தது. இந்த ஒதுக்கீட்டுக்கு அடிப்படை நிபந்தனை, 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் 8ஆம் வகுப்பு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு விலக்கு உண்டு. கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு படித்துவிட்டுப் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு இந்தக் கதவு மூடிவிடுகிறது. அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் 7.5 சதவீதம் பொருந்தாது. நம் சமுதாயம் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை.

இந்த 7.5 சதவீதத்துக்குள்ளும் சமூகவாரி இடஒதுக்கீடு பின்பற்றப்படுகிறது. அதாவது 2007 முதல் நமக்குக் கிடைத்துவரும் 3.5 சதவீதம் அங்கேயும் உண்டு. பலரைப் போராட வைத்து, கெஞ்ச வைத்துக் கிடைத்த ஓர் உரிமை, அதைவிடப் போட்டி குறைந்த ஒரு வட்டத்துக்குள் நம் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறது.

கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அவையும் 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்றுதான் கேட்கின்றன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இவற்றில் சேர்க்கப்பட்டுள்ளனர். ஆக, பதினேழு வயதில் கிடைக்க வேண்டிய வாய்ப்புகள் பதினோரு வயதில் எடுக்கும் முடிவோடு கட்டப்பட்டுள்ளன.

அப்படியானால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாமா? அப்படிச் சொல்ல முடியாது. ஒதுக்கீடு இருந்தாலும் நீட் தேர்வில் தேற வேண்டும். பொறியியலில் சேர்ந்தால் முதல் ஆண்டுக் கணிதத்தைக் கடக்க வேண்டும். அதற்கான அடித்தளம் ஆறு, ஏழு, எட்டில் போடப்படுவது. ஆகவே பெற்றோர் கேட்கும் கேள்வி நியாயமானதே: "அந்தப் பள்ளி நல்லா இருக்கா?"

எதை வைத்து மதிப்பிடுவது?

பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு உண்டு. தேர்ச்சி சதவீதம் பத்திரிகையில் வரும். நடுநிலைப்பள்ளிக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் கட்டடம், சீருடை, ஆங்கில வழி, பள்ளி வேன் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்கிறோம். பள்ளியின் தரத்தை உண்மையில் காட்டுபவை வேறு சில. அவற்றை எந்தப் பெற்றோரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதலாவது, ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணைப்படி 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியல் மற்றும் கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப் பாடங்களுக்கு ஒருவர் என்று ஆசிரியர்கள் இருக்க வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது குறைந்தபட்ச அளவு. 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமை ஆசிரியர், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலை நாட்கள், 1,000 கற்பித்தல் மணி நேரம். உங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா, எவ்வளவு நாளாக என்ற ஒரு கேள்வியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, பிள்ளைகளின் அடிப்படைத் திறன். நாடு முழுவதும் கிராமங்களில் வீடு வீடாக நடத்தப்படும் அசர் ஆய்வு, இரண்டாம் வகுப்புத் தரத்திலான ஒரு பகுதியை வாசிக்க முடிகிறதா, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. எளிதாகத் தோன்றும் இந்தச் சோதனையில் மேல் வகுப்புப் பிள்ளைகளிலும் கணிசமானோர் தடுமாறுவதை அது தொடர்ந்து காட்டிவருகிறது. இதே சோதனையை இன்றிரவு உங்கள் வீட்டில் நீங்களும் செய்யலாம். பிள்ளை தனியார் பள்ளியில் படித்தாலும் செய்து பாருங்கள். முடிவு சிலருக்கு வியப்பாக இருக்கும்.

மூன்றாவது, கழிவறையும் தண்ணீரும். ஆறு, ஏழு, எட்டு என்பது பெண் பிள்ளைகள் பருவமடையும் காலம். பூட்டுடன் கூடிய, தண்ணீர் வரும், தனிக் கழிவறை இல்லாத பள்ளிக்கு மாதத்தில் சில நாட்கள் அவர்கள் வரமாட்டார்கள். வராத நாட்கள் கூடும்போது பாடம் விட்டுப்போகும். பாடம் விட்டுப்போனால் படிப்பில் விருப்பம் விட்டுப்போகும். பெண் பிள்ளை ஏன் படிப்பை நிறுத்தினாள் என்று கேட்டால் "அவளுக்குப் படிப்பு ஏறலை" என்று வீட்டில் சொல்வார்கள். ஆரம்பம் கழிவறையாக இருந்திருக்கும்.

நான்காவது, எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்பது. நடுநிலைப்பள்ளி எட்டோடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் தரும் இலவசக் கட்டாயக் கல்வி உத்தரவாதமும் 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நிற்கிறது. சட்டமும் பள்ளியும் ஒரே இடத்தில் கைவிடுகின்றன. மேலப்பாளையத்தில் பீடி, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல், காலணி, மற்ற ஊர்களில் செல்போன் கடை, கறிக்கடை, துணிக்கடை என்று வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நம் பகுதிகளில் இந்த இடைவெளி மிக ஆபத்தானது. 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று 2006இல் சச்சார் குழு அறிக்கை நாடு தழுவிய அளவில் சொன்னது. தமிழ்நாட்டின் நிலை வட மாநிலங்களைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் நம் தெருவில் எத்தனை பிள்ளைகள் நின்றார்கள் என்ற கணக்கு எந்த ஜமாஅத் பதிவேட்டிலாவது இருக்கிறதா?

ஐந்தாவது, எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு, அதாவது என்.எம்.எம்.எஸ். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். தேர்ச்சி பெற்றால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஆக மொத்தம் 48,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695. சிறுபான்மை மாணவர்களுக்கு 1 முதல் 8ஆம் வகுப்பு வரை வழங்கிவந்த கல்வி உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022இல் நிறுத்திவிட்ட நிலையில் இந்தத் தேர்வின் மதிப்பு நமக்கு இன்னும் கூடுகிறது. உங்கள் பள்ளியில் கடந்த ஆண்டு எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். பள்ளி எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பது அந்தப் பதிலில் தெரியும்.

கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டா?

உண்டு. கோரிக்கை மனு கொடுக்கும் உரிமையைச் சொல்லவில்லை; பள்ளியின் நிர்வாகத்தில் உட்காரும் உரிமையைச் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்கள். பள்ளி இயங்குவதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, அரசு நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை இக்குழுவின் வேலை.

தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர். தலைவர் பொறுப்பு ஒரு தாய்க்கு. 2024இல் மறுகட்டமைப்பு நடந்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். பலரும் இதைப் பழைய பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. மேலாண்மைக் குழு சட்டத்தால் அமைந்தது. அதன் தீர்மானம் பதிவேட்டில் ஏறுகிறது. மேலே உள்ள அலுவலர்களுக்குப் போகிறது.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? தேர்தல் நாளன்று வந்திருக்கும் சிலரின் பெயர்களை எழுதிக் குழுவை நிரப்பிவிடுகிறார்கள். பிறகு கூட்டத்துக்கு நாலைந்து பேர் வருகிறார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். சில பள்ளிகளில் பதிவேடே வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போகிறது. சட்டம் நமக்குப் போட்டு வைத்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

கூட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கின்றன. நமக்கு இதைவிட வசதியான நாள் எது? ஜும்ஆ முடிந்து ஆண்கள் ஊரில்தான் இருப்பார்கள். திருமண அறிவிப்பும் சந்தா அறிவிப்பும் செய்யும் அதே ஒலிபெருக்கியில், "இன்று பிற்பகல் நகராட்சிப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம் உள்ளது, உறுப்பினர்கள் தவறாமல் செல்லவும்" என்று ஒரு வரி சொல்ல என்ன தடை?

தாய்மார்கள் பேசட்டும்

இக்குழுவில் தலைமையே ஒரு தாய்க்குத்தான் என்பதை நாம் சரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெயர் மனைவியுடையது, பேசுவது கணவர் அல்லது மாமனார் என்ற பழக்கம் பல இடங்களில் உள்ளது. அது சட்டத்துக்கும் ஒவ்வாது, பிள்ளைக்கும் பயன்படாது. பிள்ளை மதியம் சாப்பிட்டதா, ஆசிரியர் அடித்தாரா, கழிவறையில் தண்ணீர் வந்ததா என்பது வீட்டில் முதலில் தெரிவது தாய்க்கு. அந்தத் தகவல் கூட்டத்தில் அவர் வாயாலேயே வர வேண்டும்.

பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் சகோதரிகள் ஏராளம். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், மாலை நேரத்தில் அருகிலுள்ள பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே. படித்த பெண் ஒருவர் தன் தெருப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் செலவிட்டாலே மாற்றம் உண்டாகும் என்று அத்திட்டம் காட்டியது. அரசுத் திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் தெருவில் அதைத் தொடர யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி தொடங்கியவர்கள், திருச்சியில் 1951இல் ஜமால் முஹம்மது கல்லூரி தந்தவர்கள், அதே ஆண்டு சென்னையில் புதுக்கல்லூரியை எழுப்பியவர்கள் நம் முன்னோர். கொடுப்பதில் நாம் குறைந்தவர்கள் அல்லர். இப்போதும் பள்ளிக்கு உதவ வேண்டும் என்றால் முதலில் கை நீள்வது பணத்துக்குத்தான். நுழைவாயில் கட்டுகிறோம், நாற்காலி வாங்குகிறோம், ஸ்மார்ட் போர்டு மாட்டுகிறோம், பெயர்ப் பலகை வைக்கிறோம். கணக்கு ஆசிரியர் இல்லாத வகுப்பில் ஸ்மார்ட் போர்டு என்ன செய்யும்?

காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுத்து, மாதம் ஒருமுறை போய்க் கேட்பதற்குப் பணம் தேவையில்லை. விடாமல் போய் நிற்கும் இரண்டு மூன்று பேர் தேவை. அரசு செய்ய வேண்டியதை நாமே செய்துகொண்டே போனால் அரசு தன் பொறுப்பிலிருந்து மெல்ல நழுவும். முதலில் கேட்க வேண்டும். கிடைக்கும்வரை உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டும்.

ஆசிரியர்களிடமும் நியாயமாக இருக்க வேண்டும். கற்பிக்கும் நேரத்தில் கணிசமான பகுதி எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றுவதிலேயே போகிறது என்பது அவர்களின் நெடுநாள் முறையீடு. 2024-25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்துவிட்டதாகத் தமிழ்நாடு அரசு குற்றம் சாட்டியது. இந்த இழுபறியின் சுமை கடைசியில் வந்து இறங்குவது வகுப்பறையில். ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப் போகிறோம் என்ற மனநிலையில் கூட்டத்துக்குப் போனால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பே வராது.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. அந்தப் பள்ளியில் நம் பிள்ளைகளோடு பிற சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அங்கே நாம் போவது ஜமாஅத்தின் பிரதிநிதியாக அல்ல, ஒரு பிள்ளையின் பெற்றோராக. தண்ணீர்த் தொட்டி கேட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். பக்கத்துத் தெருவின் தலித் தாயும் மீனவத் தாயும் நம் சகோதரியும் சேர்ந்து போட்ட கையெழுத்துக்கு எந்த அலுவலரும் பதில் சொல்லியாக வேண்டும்.

மக்தபும் பள்ளியும்

காலையிலோ மாலையிலோ மக்தபில் குர்ஆன் ஓதும் பிள்ளைகள்தாம் பகலில் இந்தப் பள்ளியில் உட்காருகிறார்கள். ஆனால் உஸ்தாதும் வகுப்பாசிரியரும் ஒருவரையொருவர் பார்த்தது கூட இருக்காது. மூன்று நாளாகப் பள்ளிக்கு வராத பிள்ளை மக்தபுக்கு வருகிறதா என்று ஆசிரியர் கேட்கலாம். என்.எம்.எம்.எஸ். தேர்வு நெருங்கும் மாதத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் மக்தப் நேரத்தைச் சற்று மாற்றித் தரலாம். இருவரின் கைப்பேசி எண்கள் இருவரிடமும் இருந்தாலே போதும்.

ஹிஃப்ழுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் பெற்றோரும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்கு ஈடாக வரச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். 14 வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை இலவசமாகப் படிக்கலாம். ஹாஃபிழான பிள்ளை பதின்மூன்று வயதில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டுப் படிப்பையே விட்டுவிடும் நிலை வர வேண்டியதில்லை.

இந்த வெள்ளிக்கிழமை

உங்கள் பிள்ளை தனியார் பள்ளியில் படிக்கலாம். இருந்தாலும் உங்கள் வீட்டில் வேலை செய்யும் சகோதரியின் மகளும், பள்ளிவாசல் முஅத்தினின் மகனும் அந்த நடுநிலைப்பள்ளியில்தான் படிக்கிறார்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளையும் படிக்கலாம். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உங்கள் தெருப் பள்ளிக்கு ஒருமுறை போய்வாருங்கள். மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அடுத்த கூட்டம் எப்போது, கணக்கு ஆசிரியர் இருக்கிறாரா, போன ஆண்டு எட்டு முடித்தவர்களில் எத்தனை பேர் ஒன்பதில் சேர்ந்தார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். அவர் முதலில் ஆச்சரியப்படுவார். அடுத்த மாதமும் போனால் உங்களை எதிர்பார்க்கத் தொடங்குவார். இன்ஷா அல்லாஹ், அங்கிருந்து வேலை தொடங்கும்.